ஒன்பதாவது ஆள்

குரு பெனிட்டாவுக்கு வயது முப்பத்தொன்று. சீடர் உலகநாதனுக்கு ஐம்பத்தொன்பது, தொலைபேசித் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பள்ளிகளுக்கென்று ஒரு மென்பொருள் எழுதி, யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம் என்று பெனிட்டா இணையத்தில் திறந்து வைத்திருந்தாள். அதன் உதவி மன்றத்துக்குக் கேள்வி கேட்க வந்த உலகநாதன், நாலே வருடத்தில் அந்த மன்றத்துக்குக் காவல்காரர் ஆகிவிட்டார். சம்பளம் கிடையாது. கோபத்துக்குக் குறைவும் கிடையாது.

ஒரு திங்கட்கிழமை மதியம், கோவில்பட்டியில் அவள் வேலை செய்யும் மாடி அறைக்கு அவர் வந்தார். உட்காரச் சொன்னாள். அவர் உட்காராமல் ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்துகொண்டிருந்தார்.

"ஒரே கேள்விக்கு எத்தனை தடவைம்மா பதில் சொல்றது?"

"என்ன கேள்வி சார்?"

"மாற்றுச் சான்றிதழ் பிரிண்ட் எடுத்தா, பேர் வர்ற எடத்துல கட்டம் கட்டமா வருதாம். இது ஒன்பதாவது ஆள். பதில் அங்கேயே கெடக்கு. படம் போட்டு நான் எழுதி மூணு வருஷமாச்சு. தேடிப் பாக்க இவங்களுக்கு என்ன?"

"நீங்க என்ன சொன்னீங்க?"

"தேடிப் பாருங்கன்னு போட்டு மூடிட்டேன்."

மூடிவிட்டால் அந்தக் கேள்விக்குக் கீழே யாரும் எழுத முடியாது. கேட்டவராலும் முடியாது. மூடிவிட்டு வந்த மனிதர் நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். இவரோ சட்டைப் பையிலிருந்து போனை எடுப்பதும் பார்ப்பதும் திரும்ப வைப்பதுமாக இருந்தார்.

பெனிட்டா தன் கணினியை அவர் பக்கம் திருப்பினாள். "எங்க, நீங்க தேடுங்க பாப்போம்."

அவர் நின்றபடியே அந்தக் கோளாறுக்கான தொழில்நுட்பச் சொல்லை, 'எழுத்துரு உட்பொதிவு' என்று தட்டினார். அவர் எழுதிய பதில் படங்களோடு முதலிலேயே வந்தது.

"பாத்தீங்களா?"

"இந்த வார்த்தை உங்களுக்கு எப்படி சார் தெரியும்?"

"நீங்கதான சொல்லிக் குடுத்தீங்க."

"கேட்டவங்களுக்கு யார் சொல்லிக் குடுத்தா?"

உலகநாதன் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தார்.

"அவங்க எப்படிக் கேட்டாங்களோ, அப்படியே தேடுங்க."

'பெயர் கட்டம் கட்டமாக வருகிறது' என்று தட்டினார். அன்றைய கேள்விக்குக் கீழே எட்டுப் பழைய கேள்விகள் வரிசையாக வந்தன. ஒன்றைத் திறந்தார். ஒரே ஒரு பதில் இருந்தது. 'இதற்கு ஏற்கெனவே பதில் சொல்லியாயிற்று. தேடிப் பாருங்கள். உலகநாதன்.' அடுத்ததிலும் அதே. ஐந்தாவதில் 'தயவுசெய்து' என்று ஒரு வார்த்தை கூடியிருந்தது. ஏழாவதில் அதுவும் போயிருந்தது. எட்டாவதைத் திறக்க அவருக்கு மனசு வரவில்லை.

"இருந்தாலும் இன்னிக்குக் கேட்ட இந்தம்மா ஒரு வாட்டி தேடியிருக்கலாம்" என்றார். குரல் இறங்கியிருந்தாலும் பிடிவாதம் போகவில்லை.

"அவங்க எழுதினதை முழுசாப் படிச்சீங்களா சார்?"

"தலைப்பைப் பாத்தேன்."

பெனிட்டா வாய்விட்டுப் படித்தாள். கயத்தாறு பக்கம் ஒரு பள்ளியின் தலைமையாசிரியை, பெயர் சண்முகக்கனி.

'கல்லூரியில் சேர இன்று கடைசி நாள். நாலு மணிக்குள் பதினோரு பிள்ளைகள் சான்றிதழோடு போய்ச் சேர வேண்டும். கையால் எழுதிக் கொடுத்தால் அங்கே வாங்க மாட்டார்களாம். பிள்ளைகள் காலையிலிருந்து வராந்தாவில் நிற்கிறார்கள். எங்களுக்கு முன்னால் எட்டுப் பேர் இதையே கேட்டிருக்கிறார்கள், எல்லாவற்றையும் படித்துவிட்டேன். ஒருவருக்கும் பதில் கிடைத்ததாகத் தெரியவில்லை. மன்னிக்கவும், வேறு வழியில்லாமல் நானும் கேட்கிறேன்.'

படித்து முடித்து அவள் நிமிர்ந்தாள்.

"தேடியிருக்காங்க சார். எட்டு எடத்துலயும் நீங்கதான் கெடச்சிருக்கீங்க."

உலகநாதன் அப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்தார். மணி ஒன்றே கால். கயத்தாறிலிருந்து கல்லூரிக்குப் பஸ் பிடித்துப் போக ஒன்றரை மணி நேரமாவது ஆகும். மூடிய கேள்வியைத் திறந்தார். இரண்டு விரலால் வேகவேகமாகத் தட்டினார். அழித்தார். மறுபடி தட்டினார், அதையும் அழித்தார். அவருக்கு அவமானமாக இருந்தது. அந்தம்மா இப்போது என்ன செய்துகொண்டிருப்பார் என்று நினைக்கவே பயமாகவும் இருந்தது.

ஐந்து நிமிடம் போனது.

"என்ன சார், இன்னும் அனுப்பலையா?"

"எப்படி மன்னிப்புக் கேக்கறதுன்னு தெரியலம்மா. நாலு தடவை எழுதிட்டேன். ஒண்ணும் சரியா வரல."

"அதைச் சாயங்காலம் எழுதிக்கலாம். மொதல்ல எந்த பட்டனை அமுக்கணும்னு எழுதுங்க."