எழுபத்தேழாயிரம் சொல்லும் நவாப் வீட்டு ஆட்களும்

சங்குத்துறை நவாப் கலந்தர் சாகிபுக்கு ஐம்பத்தெட்டு வயது. ஏழு வயதிலிருந்து குர்ஆன் ஓதுகிறார். ஓர் எழுத்துப் பிசகாது. பொருள் கேட்டால் மட்டும் தாடியைத் தடவுவார்!

தினமும் காலையில் குர்ஆனை இசையோடு ஓதும் காரி வந்து சில வசனங்கள் ஓதிய பிறகுதான் தர்பார் தொடங்கும். ஒருநாள் ஓதிக்கொண்டே இருந்த காரி அழுதேவிட்டார். நவாபுக்குச் சுருக்கென்றது. 'இந்த மனுஷர் எதற்கு அழுகிறார் என்றுகூட எனக்குத் தெரியலையே! இப்படியே மவுத்தாகிப் போனால் எந்த முகத்தோடு அல்லாஹ்விடம் போய் நிற்பேன்?'

தர்பாரில் அரபி தெரிந்த ஒரே அதிகாரி திவான் அசனலி. நவாப் அவரைக் கூப்பிட்டார்.

"அசனலி, எனக்குக் குர்ஆன் விளங்கணும். எத்தனை நாள் ஆகும்?"

நவாபே கற்றுக்கொண்டால் அப்புறம் தன்னை யார் மதிப்பார்? திவான் விரல் விட்டு எண்ணினார்.

"ஹுஸூர், மொத்தம் எழுபத்தேழாயிரம் சொல். நாளைக்குப் பத்து என்று வைத்தாலும் இருபத்தொரு வருஷம் ஆகும்."

நவாபின் முகம் தொங்கிப்போனது. எழுபத்தொன்பது வயது வரை யார் கண்டது?

அப்போது பின்வரிசையில் ஒருவர் களுக்கென்று சிரித்தார். வேறு யார், அரபு நாடுகளுக்குப் போய்வந்து அந்தப் பாஷையும் படித்த வியாபாரி சக்கரியா மரைக்காயர்தான். சிரிக்கக் கூடாத இடமாகப் பார்த்துச் சிரிப்பதில் அவருக்கு நிகர் கிடையாது.

"என்ன சிரிப்பு?" நவாபுக்குக் கோபம் தலைக்கேறியது.

"திவான் கணக்கைக் கேட்டு வந்த சிரிப்பு, ஹுஸூர்."

"ஓஹோ! அப்படியானால் நீரே கற்றுக்கொடும். நாற்பது நாள் கெடு. நான் புத்தகம் தொடமாட்டேன், பாடத்துக்கும் உட்காரமாட்டேன். முடியவில்லை என்றால் அடுத்த கப்பலில் மூட்டை முடிச்சோடு ஊரைவிட்டுப் போய்விடும்!"

திவான் வாய்க்குள்ளே சிரித்துக்கொண்டார்.

"ஆகட்டும் ஹுஸூர். நாற்பது நாளும் அரண்மனை ஆட்கள் என் சொல்படி கேட்கணும். அதுபோதும்" என்றார் மரைக்காயர்.

மறுநாள் காலை நவாப், "தண்ணீர் கொண்டா!" என்றார். தண்ணீர் சுமக்கும் சிக்கந்தர் குடத்தோடு நின்றான். நின்றான் என்றால் நின்றானே தவிர, அசையவில்லை.

"டேய், உன்னைத்தான்!"

"லா" என்றான் சிக்கந்தர்.

"என்னடா லா?"

"இல்லைன்னு அர்த்தம், ஹுஸூர்."

பிறந்ததிலிருந்து நவாபிடம் யாரும் எந்தப் பாஷையிலும் 'இல்லை' என்று சொன்னதில்லை!

"நாற்பது நாளைக்கு என் பேர் மாஉ. தண்ணீர்னு அர்த்தம். அப்படிக் கூப்பிட்டால்தான் வரணும்னு மரைக்காயர் உத்தரவு."

தாகம் பொல்லாதது. "சரி, மாஉ! வந்து தொலை!"

உடனே தண்ணீர் வந்தது.

அன்றோடு விட்டதா? சமையல்காரர் ரிஸ்கு, அதாவது உணவு. மேல்மாடிக் காவலன் சமாஉ, வானம். தரை பெருக்குகிறவள் அர்ளு, பூமி. பகல் காவலன் நஹார், இரவுக் காவலன் லைல். "செருப்பு எங்கேடா?" என்றால் வேலையாள் பெட்டிக்குள் கையை விட்டு "ஃபீ" என்பான், உள்ளே என்று அர்த்தம். ஆட்கள் தீர்ந்ததும் சட்டி பானைக்கும் குர்ஆனில் வரும் அரபிச் சொல் ஏறி, கணக்கு நூற்றிருபதைத் தொட்டது. நவாப் குதித்தார். "மரைக்காயரைக் கப்பலேற்றாமல் விடமாட்டேன்!" என்று கத்தினார். ஆனால் இருபதாம் நாள் சமையல்காரர் இன்னொரு கரண்டி நெய்ச்சோறு வைக்க வந்தபோது, "லா! லா!" என்று கையை மறித்தவர் நவாபேதான்.

நாற்பதாம் நாள் தர்பார் நிரம்பி வழிந்தது. ஓத வேண்டிய வசனத்தைத் திவானே தேர்ந்தெடுத்துக் கொடுத்தார். காரி ஓதத் தொடங்கினார். நவாப் கண்ணை மூடிக் கேட்டார். காரி ஓதி முடித்ததும் அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"அட! நம்ம சமாஉ ஒரு கூட்டத்தோடு வந்தான், வானங்கள்! பின்னாலேயே அர்ளு! லைலும் நஹாரும் ஜோடியாக வந்தார்கள்! அப்புறம் சமாஉவிலிருந்து... மாஉ..." சட்டென்று அவர் குரல் உடைந்தது. "மழை! அல்லாஹ் இறக்குகிற மழையைச் சொல்கிறார்! ஐம்பது வருஷமாக ஓதுகிறேன், இன்றைக்குத்தான் கேட்டேன்."

கண்ணீர் தாடியில் இறங்கியது. அதைத் துடைக்கவும் அவருக்குத் தோன்றவில்லை.

திவான் பதறி எழுந்தார். "ஹுஸூர், நடுவில் எத்தனை சொல் விட்டுப்போச்சு! எழுபத்தேழாயிரத்தில் நூற்றிருபது தெரிந்தால் போதுமா?"

மரைக்காயர் முன்னே வந்தார். "அரண்மனை வாசலில் ஒரு நாளைக்கு ஆயிரம் தடவை ஆள் நுழைகிறது, ஹுஸூர். அத்தனையும் வேறு வேறு ஆளா? இதே சிக்கந்தர்தான் நூறு தடவை வருகிறான். குர்ஆனிலும் அதே சொற்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. அடிக்கடி வருகிறவர்களை முதலில் பழகிக்கொண்டால் எந்த வசனத்திலும் தெரிந்த முகம் இருக்கும். மீதிப் பேர் விருந்தாளிகள். கூச்சப்படாமல் ஒவ்வொருவராகப் பேர் கேட்டுப் பழகிக்கொள்ள வேண்டியதுதான்."

"சபாஷ்! என்ன வேண்டும், கேளும்!"

"இன்றைக்கு ஒரு பொழுது திவான் வாசலில் நிற்கட்டும், ஹுஸூர். நுழைகிறவர்களைத் தன் கணக்குப்படி ஒவ்வொரு தடவையும் புது ஆளாக வைத்துப் பேர் கேட்டு உள்ளே விடட்டும்."

நவாப் தலையசைத்தார். திவான் பல்லைக் கடித்துக்கொண்டு வாசலுக்குப் போனார்.

மத்தியானம் தலைப்பாகை அவிழத் திவான் உள்ளே ஓடிவந்தார். பின்னாலேயே சிக்கந்தர், கையில் ஓங்கிய குடம்.

"அறுபத்திரண்டு தடவை வந்துட்டேன், ஹுஸூர்! அறுபத்திரண்டு தடவையும் 'நீ யாரப்பா, பேர் என்ன'ன்னு கேட்கிறார்!"

"ஹுஸூர், இவன் பேரை இனிமேல் கேட்கச் சொல்லாதீர்கள்!" திவான் கும்பிட்டார். "எனக்கு மனப்பாடமே ஆகிவிட்டது!"

"அப்படியா? எத்தனை வருஷத்தில்?" என்றார் நவாப்.

"வருஷமா? அரை நாளில், ஹுஸூர்!" என்று சொல்லிவிட்டுத் திவான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

நவாப் வயிறு குலுங்கச் சிரித்தார். தன் பட்டுச் சால்வையை எடுத்து மரைக்காயர் தோளில் போட்டார்.