கரும்பலகையைப் பார்த்தபடி

புயல் ஓய்ந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. பள்ளிக்கூடத்தில் வீடிழந்தவர்கள் தங்கியிருந்தார்கள். பிள்ளைகள் எங்கெங்கோ உறவினர் வீடுகளில் இருந்தார்கள். பாடம் போனில்தான், அதுவும் வெறும் குரல் மட்டும்.

அப்படிப் பாடம் நடத்த ஆசிரியர்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஷாகிரா வந்திருந்தாள். அவளுக்கு வயது இருபத்தெட்டு. அவளிடம் கற்றுக்கொண்டவர்களில் மூத்தவர் கணக்கு வாத்தியார் ஞானப்பிரகாசம். வயது ஐம்பத்தாறு, முப்பத்தொரு வருட அனுபவம்.

பள்ளியில் பயிற்சிக்கு ஒதுக்கிய அறையில், அவர் ஒரு கடிதத்தை அவள் மேசைமேல் வைத்தார்.

“என்னை விட்டுடுங்க மேடம். பத்தாம் வகுப்பை வேற யாருக்காவது குடுங்க.”

“ஏன் சார்?”

“முகம் தெரியாம எப்படிப் பாடம் நடத்துறது? சுவத்துக்கிட்ட பேசுற மாதிரி இருக்கு. கேக்குறாங்களா தூங்குறாங்களான்னே தெரியல.”

“இன்னிக்கு வகுப்பை மட்டும் இங்கேயே எடுங்க.”

இருபத்திரண்டு பிள்ளைகள் இணைப்பில் வந்தார்கள். வழக்கம்போல அவர் போனில் எல்லார் குரலையும் அடைத்தார்.

“திறந்துவிடுங்க சார்.”

“சந்தக்கடையா இருக்கும் மேடம்.”

“இருக்கட்டும்.”

திறந்தார். தகரத்தில் ஆணி அடிக்கும் சத்தம், கோழி, யாரையோ திட்டும் ஒரு அம்மா, எல்லாம் அறைக்குள் வந்தன. அவர் முகம் சுளித்தார்.

சுவரில் ஒரு கரும்பலகை இருந்தது. ஷாகிரா சாக்பீஸை நீட்டினாள்.

“பலகை போனுக்குத் தெரியாதே மேடம்.”

“உங்களுக்குத் தெரியுமே.”

போனை மேசையில் வைத்துவிட்டு, கணக்கை வாய்விட்டுச் சொல்லியபடி எழுதத் தொடங்கினார். மூன்றாவது வரியில், திரும்பாமலே கேட்டார்.

“டேய் கபிலா, வாயில என்ன?”

“முறுக்கு சார்.”

இருபத்தொரு பேர் சிரித்தார்கள்.

ஐந்தாவது வரியில் சாக்பீஸ் நின்றது.

“மங்கை, இது உனக்குப் புரியல.”

“எப்படி சார் கண்டுபிடிச்சீங்க?”

“ஒவ்வொரு வரிக்கும் ‘ம்’ கொட்டுவியே. இதுக்குக் கொட்டலையே.”

அந்த வரியை வேறு மாதிரி சொன்னார். ‘ம்’ வந்தது.

“நாளைக்கு எத்தன மணிக்கு சார்?” என்றது ஒரு குரல்.

“பத்துக்கு. லேட்டா வந்தா வெளியில நிக்கணும்.”

“இப்பவே வெளியிலதான் சார் நிக்கிறேன். இங்கதான் சிக்னல் கிடைக்குது.”

அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். வகுப்பு முடிந்த பிறகுதான் கடிதம் ஞாபகம் வந்தது. எடுத்துச் சட்டைப்பைக்குள் திணித்துக்கொண்டார்.

பலகையை அழித்துக்கொண்டே கேட்டார்.

“முகம் தெரியாம எப்படின்னு கேட்டேன். நீங்க பதிலே சொல்லலியே மேடம்?”

“முப்பத்தொரு வருஷமா பலகையப் பாத்துத்தானே எழுதுனீங்க சார். அப்ப யார் முகம் தெரிஞ்சுது?”