எட்டாவது அடுக்கு

பன்னெண்டாவது பீஸ் ஓடிட்டிருக்கப்ப டுக்குனு இன்சர்ட்டு உடைஞ்சுருச்சு. இன்சர்ட்டுன்னா லேத்துல இரும்பைச் சீவுற சின்னப் பல்லு. இது புத்தம் புதுசு. மேல ஏழு அடுக்கு கோட்டிங், தங்கக் கலரு, முந்நூறு பீஸுக்குத் தேயாதுன்னு சொல்லித்தான் எக்ஸ்பர்ட்டு ரத்தினசபாபதி வித்துட்டுப் போனாரு.

அவரே வந்து உடைஞ்சதை ஒரு பார்வை பாத்தாரு. "கோட்டிங்ல குத்தமில்ல. ஓட்டுன கை சரியில்ல. ஏழு அடுக்கையும் என் கண்ணு தனித்தனியாப் பாக்கும்."

முதலாளி, லேத்து ஓட்டுற பூவாத்தா அக்கா பக்கம் திரும்பினாரு. "சார் கண்ணு தப்புன்னு நிரூபி, இல்லாட்டி நாளைக்கு வேலைக்கு வராத."

அக்கா பதறவேயில்ல. "டீ குடிச்சுட்டு வாங்க சார். இன்னொண்ணு இருக்குதுங்க, அதையும் பாத்துச் சொல்லுங்க."

டீ முடிஞ்சதும் அக்கா தங்கக் கலர்ல ஒரு இன்சர்ட்டை நீட்டுச்சு. அவரு வெளிச்சத்துல திருப்பித் திருப்பிப் பாத்தாரு. "இது எங்க சரக்கு. ஏழு அடுக்கும் அப்படியே நிக்குது பாருங்க. யாரோ நல்ல கை ஓட்டிருக்கு."

அக்கா தின்னர்ல நனைச்ச துணியால ஒரு துடை துடைச்சுச்சு. தங்கம் மொத்தமும் துணிக்கு வந்துருச்சு. உள்ள, கோட்டிங்கே இல்லாத பழைய சாம்பக்கலர் இன்சர்ட்டு. மேல இருந்தது, ஆயுத பூஜைக்கு வாசல் கேட்டுக்கு அடிச்ச ஸ்ப்ரே பெயிண்டோட மிச்சம்.

"இது எட்டாவது அடுக்குங்களா சார்?"

முதலாளி வாயை மூடிக்கிட்டே சிரிச்சாரு. "பூவாத்தா, நீ மெஷினுக்குப் போ."

ரத்தினசபாபதி பையைத் தூக்கிட்டுக் கிளம்புனாரு. போறப்ப அந்தத் தங்கக் கேட்டை நின்னு உத்துப் பாத்தாரு.

உங்க பட்டறைக்கும் இப்படி ஒரு கண்ணு வந்திருக்கா?