காலித்தட்டும் அண்ணாச்சி படமும்

சாத்தூரில் காராச்சேவுக் கடை வைத்திருந்த தங்கமாரியப்ப அண்ணாச்சிக்குத் தன் முகத்தின்மேல் அபார நம்பிக்கை. கடையின் ஃபேஸ்புக்கில் கழுத்தில் மாலையும் முன்னால் தொந்தியுமாகத் தன் படத்தைத் தினமும் போட்டு, ‘காலை வணக்கம்’ என்பார். மூன்று வருடமாக லைக் போட்டது அவருடைய சம்பந்தி மட்டும்தான்.

பொட்டலம் கட்டும் செண்பகவல்லியைக் கூப்பிட்டார்.

“இனிமே தினமும் நீதான் படம் போடணும். சேவைக் காட்டாதே, எதிர்க்கடைக்காரன் பக்குவத்தைப் பிடிச்சிருவான். என் படம் கட்டாயம் இருக்கணும். ஒரு மாசத்துல கூட்டம் வரலேன்னா வேலையை விட்டு நின்னுக்கோ.”

“சரி அண்ணாச்சி.”

தினமும் சேவு தீர்ந்ததும் காலித்தட்டைப் படமெடுத்தாள். பக்கத்தில் அண்ணாச்சி படத்தை ஒட்டினாள். ‘இன்று ஐந்து மணிக்குத் தீர்ந்தது’ என்று எழுதினாள். அவ்வளவுதான்.

ஐந்து மணி மூன்றானது. பிறகு பன்னிரண்டு. மாதக் கடைசியில் கடை திறக்குமுன்பே வரிசை நின்றது.

“பாத்தியா, எல்லாம் என் முகராசி!”

“ஆமா அண்ணாச்சி. ஜனங்க எழுதியிருக்கறத வாசிங்க.” செல்போனை நீட்டினாள்.

‘அத்தனையையும் இந்த ஆளே தின்னுர்றாரு. சீக்கிரம் போங்கப்பா!’ கருத்துப் போட்டிருந்த நாற்பது பேரும் இதையேதான் எழுதியிருந்தார்கள். அதில் சம்பந்தியும் உண்டு.

“என் படத்த அதுலருந்து எடு, மொதல்ல!”

“எடுத்துர்றேன். அப்புறம் கூட்டம் வரலேன்னு என்னைய நிப்பாட்டக் கூடாது.”

அண்ணாச்சி வரிசையைப் பார்த்தார்.

“இருக்கட்டும். தொந்திய மட்டும் வெட்டிரு.”