மீன்களுக்கு நீச்சல் சொல்லிக்கொடுத்த நரி

ஆலங்குளத்துக் கரையில் ஒரு நரி நீச்சல் பள்ளி தொடங்கியது. நரிக்கு நீச்சல் தெரியாது. வாத்தியாராக வந்த கிளிக்கும் தெரியாது. ஆனால் கிளிக்கு நல்ல குரல்!

அதே கரையில் மரகதம் என்ற எலி வளை தோண்டிக் குடியிருந்தாள். போன மழையில் வளைக்குள் வெள்ளம் புகுந்தது. அவள் எப்படியோ தப்பிவிட்டாள். இந்த முறை குட்டிகள் இருந்தன. மழைக்கு முன் அவை நீந்தப் பழக வேண்டுமே என்று அவளுக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

"கவலையை விடும்மா!" என்றது நரி. "கிளி வாத்தியார் மரத்திலிருந்தே பாடம் நடத்துவார். பப்பாளிக் காம்பை ஒன்றோடொன்று செருகி, நீளக் குழலாக்கி, உன் வளைக்குள் விடுவோம். குரல் நேரே வீட்டுக்கு வரும். யாரும் நனைய வேண்டாம்!"

"நனையாமல் நீச்சலா?"

"அதுதானே புதுமை! நம்பிக்கை இல்லையா? வா, என் மாணவர்களைக் காட்டுகிறேன்."

நரி அவளைக் குளத்துக்கு அழைத்துப் போனது. தண்ணீருக்குள்ளும் ஒரு குழல் நீட்டிக்கொண்டிருந்தது. அதைச் சுற்றி மீன்கள் வழுக்கிக்கொண்டு நீந்தின.

"பார்! ஒன்றுகூடத் தோற்கவில்லை!"

மரகதம் வாயைப் பிளந்தாள். அருகில் ஆமை தன் கிழங்குகளைப் பள்ளிக்கு முதலீடாகப் போட்டுக்கொண்டிருந்தது.

"மாமா, உங்களுக்குத்தான் நீச்சல் தெரியுமே! நீங்கள் ஏன் போடுகிறீர்கள்?"

"மயில் போட்டிருக்கிறதே!"

மயிலைக் கேட்டாள். "ஆமையே போடுகிறது, நான் சும்மா இருப்பதா?" என்றது மயில்.

இவ்வளவு பெரியவர்கள் போடும்போது தான் மட்டும் யோசிப்பானேன் என்று மரகதமும் மழைக்காலத்துக்குச் சேர்த்த நெல்லை எல்லாம் கொண்டுவந்து கொட்டினாள்.

வகுப்பு தொடங்கியது. "காலை உதை! மூச்சை அடக்கு!" என்று குழல் கத்தியது. குட்டிகள் மல்லாந்து படுத்துக் காற்றை உதைத்தன. எல்லாக் குட்டிக்கும் முதல் பரிசு. ஒவ்வொன்றுக்கும் தாமரை இலையில் ஒரு தொப்பி!

"ஒரு தடவை தண்ணீரில் இறக்கிப் பார்க்கலாமா, ஐயா?" என்று மரகதம் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"ஐயோ, வேண்டாம்! தண்ணீரைப் பார்த்தால் கவனம் சிதறிவிடும்!"

அதற்குள் பள்ளி வளர்ந்துவிட்டது. வௌவால்களுக்குத் தலைகீழாகத் தொங்கும் வகுப்பு. சிலந்திகளுக்கு நூல் நூற்கும் வகுப்பு. யாருமே தோற்கவில்லை! மயில் இன்னும் கொஞ்சம் போட்டது. உடனே ஆமையும் போட்டது.

ஒரு நாள் மேகம் கருத்தது. மரகதத்துக்கு மனசு கேட்கவில்லை. குளக்கரைக்கு ஓடி ஒரு கெண்டைக் குஞ்சைக் கூப்பிட்டாள்.

"கண்ணு, நீச்சலில் உனக்கு எந்தப் பாடம் கஷ்டமாக இருந்தது?"

குஞ்சு விழித்தது. "நீச்சலா? அப்படி என்றால் என்ன, அத்தை?"

மரகதம் திரும்பி வளைக்கு ஓடினாள். அதற்குள் மழை கொட்டத் தொடங்கிவிட்டது. குழல் வழியாகவே தண்ணீர் வளைக்குள் பீய்ச்சியடித்தது! குட்டிகள் தொப்பியோடு மல்லாந்து கிடந்து, "காலை உதை! மூச்சை அடக்கு!" என்று ஒப்பித்துக்கொண்டே மூழ்கிக்கொண்டிருந்தன.

ஒவ்வொன்றாக வாலைக் கவ்வி வெளியே இழுத்தாள். "மாமா! ஆமை மாமா!" என்று அலறினாள். ஆமை விரைந்து வந்தது. எல்லாரையும் முதுகில் ஏற்றி மேட்டுப் பாறையில் விட்டது.

அப்போது கரை சரிந்து நரி குளத்தில் விழுந்தது.

"காலை உதை! மூச்சை அடக்கு!" என்று மரத்திலிருந்து கிளி பாடம் நடத்தியது.

"பாடத்தை நிறுத்துடா! ஒரு கட்டையைத் தூக்கிப் போடு!" என்று நரி கதறியது.

ஆமைதான் நரியையும் பாறைக்கு இழுத்துவந்து போட்டது. நரி காதிலிருந்த தண்ணீரை உதறிவிட்டு மூச்சு வாங்கியது. "எனக்கு ஓர் அருமையான யோசனை! அடுத்து ஆமைகளுக்கு மெதுவாக நடக்கும் வகுப்பு!"

"எவ்வளவு போடலாம்?" என்று மயில் ஆவலாகக் கேட்டது.

"முதலில் என் நெல்லை எடு!" என்றாள் மரகதம் நரியிடம். கிளியின் சம்பளம் போக மிஞ்சிய நெல்லை, நரி பதுக்கி வைத்திருந்த பாறைப் பொந்திலிருந்து இழுத்துக்கொண்டு, குட்டிகளோடு கிளம்பினாள். மழை விட்டதும் ஆழமில்லாத ஓரத்தில் அவற்றை இறக்கினாள். அவை தண்ணீர் குடித்தன, அழுதன, பிறகு நீந்தின.

தெரிந்தவனைக் காட்டித் தன் திறமை என்று பெருமை பேசுபவனிடம் பிள்ளையை ஒப்படைக்கும் முன், தெரியாத ஒருவனுக்குக் கற்றுக்கொடுத்துக் காட்டச் சொல்ல வேண்டும்.