முதுகுப்பாறையின் அரிப்பு

கடலுக்கு நடுவே ஒரு தீவு இருந்தது. அதில் யானைகள் வாழ்ந்தன. யானைகள் என்றதும் மலை மலையாக நினைத்துக்கொள்ள வேண்டாம். இருப்பதிலேயே உயரமான யானை ஓர் எருமை உயரம்தான். தும்பிக்கை, வால், முறம் போன்ற காது எல்லாம் உண்டு. எல்லாமே சின்னது.

அதுதான் அவற்றின் தீராத கவலை. தீவின் மத்தியில் முதுகுப்பாறை என்று ஒரு பாறை நின்றது. அதன் உச்சிக்குச் சற்றுக் கீழே ஓர் இடம் தேய்ந்துபோய்க் கண்ணாடிபோல் மின்னியது. எப்போதோ கடலை நீந்தி வந்த முதல் யானை முதுகு தேய்த்துத் தேய்த்து அப்படி ஆனதாம்.

ஆண்டுதோறும் மழை ஓய்ந்ததும் அளவு நாள் வரும். அன்று ஒவ்வொரு யானையும் பாறையடியில் நின்று, முன்கால்களைத் தூக்கி, உடம்பை முறுக்கி, அந்த இடத்தை முதுகால் தொடப் பார்க்கும். ஒன்றாலும் முடியாது.

"கொஞ்சம் கீழே" என்று பாறை முனகும். "இன்னும் கொஞ்சம் கீழே..."

"பார்த்தீர்களா, நம்மைக் கண்டால் கல்லுக்குக்கூடக் கேலி!" என்று சீறுவாள் வேலாத்தா. அவள்தான் கூட்டத்தின் தலைவி.

கோமளம் என்ற யானைக்கு ஒரு மகன் இருந்தான். பெயர் சுண்டு. பால் மறந்து தழை தின்னத் தொடங்கிய பிறகும் அவன் வெள்ளாட்டுக் குட்டி அளவுதான். ஆனால் நன்றாக ஓடுவான். நண்டுகளை விரட்டுவான். ஓர் அத்திப்பழம் தின்றால் ஏப்பம் விட்டுத் தூங்கிப்போவான்.

வேலாத்தா ஒருநாள் அவனைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தாள். "இது யானையா கோமளம், இல்லை தும்பிக்கை முளைத்த பன்றியா?"

"என்ன அக்கா இப்படிச் சொல்கிறீர்கள்! வளர்வான்."

"எப்போது வளர்வான்? இப்படியே போனால் அடுத்து எலி அளவில் பிறக்கும். சொல்லிவிட்டேன், அளவு நாளன்று இவன் என் வயிற்றுக்கு அடியில் நடந்து போகட்டும். முதுகு முட்டினால் கூட்டத்தில் இருக்கலாம். முட்டாமல் மறுபக்கம் வந்தானோ, கரையில் நண்டுகளோடு இருந்துகொள்ளட்டும்."

அன்றிலிருந்து கோமளம் மூங்கில் குருத்தை ஒடித்து ஒடித்து மகன் வாயில் திணித்தாள். தன் பங்கையும் சேர்த்துக் கொடுத்தாள்.

"அம்மா, போதும்."

"இன்னும் ஒரே ஒரு வாய், என் கண்ணல்லவா!"

"அந்த ஒரு வாய் காலையிலேயே முடிந்துவிட்டதே அம்மா!"

சுண்டு குறுக்கே வளர்ந்தான். நெடுக்கே வளரவில்லை. மற்ற யானைகளும் அளவு நாளுக்காக வழக்கம்போல் இரண்டு மடங்கு தின்றன. "இந்தக் குருத்தையாவது விடுங்களேன், அடுத்த ஆண்டு நான் முளைக்க வேண்டாமா?" என்று மூங்கில் புதர் கெஞ்சியது. யார் காதில் போட்டுக்கொண்டார்கள்?

அளவு நாளுக்கு முந்தின நாள் கடல் ஒரு யானையைக் கொண்டுவந்து கரையில் தள்ளியது. பெரு நிலத்து யானை. ஆற்று வெள்ளம் அடித்து வந்ததில் நீந்தி நீந்திக் கரை சேர்ந்திருந்தான். அவன் எழுந்து நின்றதும் தீவில் பாதிக்கு நிழல் விழுந்ததுபோல் இருந்தது. முதுகுப்பாறைக்குப் பக்கத்தில் போய் நின்றான். மின்னும் இடம் சரியாக அவன் விலாவுக்கு வந்தது.

வேலாத்தாவுக்குக் கண்ணீரே வந்துவிட்டது. "நம்மவர்! அப்படியே நம் முதல்வர்! அளவு நாளைத் தள்ளி வையுங்கள். முதலில் விருந்து!"

வந்தவன் நல்லவன்தான். பசித்தவனும்கூட. அத்தி மரங்களைக் காலையில் முடித்தான். மூங்கில் புதரை மத்தியானம் முடித்தான். குளத்தில் தும்பிக்கையை விட்டு உறிஞ்சியபோது மீன்கள் சேற்றில் துள்ளின. பிறகு வேலாத்தாவைப் பார்த்து அன்பாகச் சொன்னான்:

"பலகாரம் பிரமாதம் தங்கச்சி. சாப்பாடு எப்போது?"

சில நாளில் தீவில் எட்டின தழையெல்லாம் தீர்ந்தது. எல்லா யானைகளுக்கும் வயிறு ஒட்டிப்போனது. வந்தவன் சோர்ந்துபோய் முதுகுப்பாறைமேல் சாய்ந்தான். பாறைக்குப் பின்னால் கோமளம் வேலாத்தாவின் கண்ணில் படாமல் மகனை மறைத்துவைத்துக்கொண்டு நின்றாள்.

"அதே இடம்" என்றது பாறை. "அவனும் இங்கேதான் சாய்ந்தான்."

"யார்?" என்று கேட்டான் வந்தவன்.

"முதலில் வந்தவன். அவன் எங்கே முதுகு தேய்த்தான்? பசி தம்பி, பசி. நிற்க முடியாமல் நாளெல்லாம் என்மேல் சாய்ந்து கிடந்தான். அதில் தேய்ந்த இடம் இது. அவன் வம்சத்தில் பெரிதாகப் பிறந்ததெல்லாம் அவனைப்போலவே வாடியது. சின்னதாகப் பிறந்ததுதான் கிடைத்ததைத் தின்று பிழைத்தது."

கோமளம் பாறையைச் சுற்றிக்கொண்டு ஓடி வந்தாள். "இதை ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை?"

"நீங்கள் எங்கே கேட்டீர்கள்? ஆண்டுக்கு ஒருமுறை வந்து என் உச்சந்தலையை முறைத்துவிட்டுப் போகிறீர்கள்."

அப்போது ஓர் ஏப்பச் சத்தம் கேட்டது. சுண்டு தாழம்புதருக்குள் நுழைந்து, உருண்டு கிடந்த அத்திப்பழங்களைக் கண்டுபிடித்திருந்தான். ஒன்றைத் தின்று முடித்திருந்தான்.

வந்தவன் அவனை வெகுநேரம் பார்த்தான். "இந்தத் தீவில் வயிறு நிறைந்த யானை நீ ஒருவன்தானடா" என்றான். "நீந்தத் தெம்பு இருக்கும்போதே நான் கிளம்புகிறேன்."

"போய்வாருங்கள் மாமா!" என்று சுண்டு கரையில் நின்று கத்தினான். "அடுத்த முறை சாப்பிட்டுவிட்டு வாருங்கள்!"

மறுநாள் வேலாத்தா விடவில்லை. "வழக்கம் வழக்கம்தான். எல்லோரும் பாறைக்கு வாருங்கள்!"

கோமளம் மகனை முன்னால் நிறுத்தினாள். இந்த முறை அவள் தலை குனியவில்லை. "இவன் உங்கள் வயிற்றில் முட்டமாட்டான் அக்கா. இனி முட்டவும் வேண்டாம். கரைக்குத்தான் அனுப்புவீர்கள் என்றால் நானும் போகிறேன். இப்போது அளந்துகொள்ளுங்கள்."

சுண்டு வேலாத்தாவின் வயிற்றுக்கு அடியில் நடந்தான். முட்டவில்லை. ஆனால் பாதி வழியில் நின்றுவிட்டான். தலைக்கு மேலே இடி இடித்ததுபோல் சத்தம்.

"பெரியம்மா, உங்கள் வயிறு கத்துகிறது" என்றபடி வெளியே வந்தான். காதிடுக்கில் வைத்திருந்த அத்திப்பழத்தை எடுத்து நீட்டினான். "இந்தாருங்கள். நான் சாப்பிட்டுவிட்டேன்."

வேலாத்தா எல்லோரையும் பார்த்தாள். பழத்தைப் பார்த்தாள். வாங்கித் தின்றாள்.

சுண்டுவுக்கு உடம்பை முறுக்கத் தெரியாது. பாறையடிக்குப் போய், தன் முதுகு எட்டிய இடத்தில் சும்மா வறட் வறட்டென்று தேய்த்தான்.

"ஆகா!" என்று பாறை அலறியது. "அங்கேதான்! அங்கேயேதான்! எத்தனை தலைமுறையாக அரிக்கிறது! கொஞ்சம் கீழே, கொஞ்சம் கீழே என்று கத்தினேனே, ஒருவராவது கேட்டீர்களா?"

யானைகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. முதலில் சிரித்தது யார் என்று தெரியவில்லை. வேலாத்தா மட்டும் சிரிக்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு போய்ப் பாறையில் முதுகை வைத்தாள்.

"கொஞ்சம் கீழே" என்றது பாறை.

வேலாத்தா மண்டியிட்டாள்.