பத்துக்கு மூன்று

கோவையில் கம்ப்யூட்டர் கேம்களுக்கு விமர்சனம் எழுதும் இணைய இதழ் ஒன்று இருந்தது. நஸ்ரின் அதன் ஆசிரியை. முப்பது வயது. புதிதாக வந்த கேமை அவள் நன்றாக இருக்கிறது என்று எழுதினால் அன்றைக்கே ஊரெல்லாம் அதை வாங்கி ஆடும்.

அவளிடம் தொழில் கற்க வந்தவர் குழந்தைவேலு. ஐம்பதைத் தாண்டியவர். நாளிதழில் சினிமா விமர்சனம் எழுதிப் பெயர் வாங்கியவர். அவருக்குப் பயந்து, படம் வெளியாகும் வெள்ளிக்கிழமைகளில் போனை அணைத்து வைத்த இயக்குநர்கள் உண்டு. அந்த நாளிதழை மூடிவிட்டார்கள். "இதையும் சொல்லிக் குடுங்க மேடம்" என்று வந்து நின்றார்.

அவருக்குக் கிடைத்த முதல் கேம் ஒரு பரிசல் பயணம். மூன்று நண்பர்கள் வேலையை விட்டுவிட்டு உட்கார்ந்து செய்தது. ஆற்றில் ஒரு வட்டப் பரிசல், இரண்டு துடுப்பு. அருவிகளைத் தாண்டிக் கரை சேர வேண்டும்.

மறுநாள் காலையிலேயே தீர்ப்போடு வந்தார்.

"பத்துக்கு மூணுங்க" என்றார்.

அவர் நீட்டிய தாளை நஸ்ரின் வாசித்தாள். 'பரிசல் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. சுற்றிச் சுற்றி வந்து கவிழ்கிறது. செய்தவர்கள் ஆற்றில் கால் நனைத்ததில்லை போலும்.'

"எழுத்து பிரமாதம் சார்."

"அப்ப போட்டுடலாமுங்களா?"

"யாரோட சேர்ந்து ஆடினீங்க?"

"தனியாத்தான்."

"ரெண்டு துடுப்பு இருக்கே?"

"ரெண்டையும் நானே புடிச்சேன். நாலஞ்சு தரம் கவுந்துச்சு. அதுக்கே விளங்கிப்போச்சுங்க."

"இங்க இத்தனை பேர் இருக்காங்க. ஒருத்தரையும் கூப்பிடலையா?"

குழந்தைவேலு குரலைத் தாழ்த்தினார். "எல்லாம் சின்னப் பசங்க. நான் தோக்கறத அவங்க பார்க்கணுமா மேடம்?"

நஸ்ரின் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். ஆளுக்கொரு கன்ட்ரோலரை எடுத்துக்கொண்டார்கள்.

அவள் தள்ளியபோது அவர் தள்ளவில்லை. அவர் தள்ளியபோது அவள் நிறுத்திவிட்டாள். பரிசல் பம்பரமாகச் சுற்றிக் கவிழ்ந்தது. குழந்தைவேலு சட்டென்று பின்னால் திரும்பிப் பார்த்தார். அலுவலகப் பையன்கள் நாலு பேர் வந்து நின்றிருந்தார்கள்.

இரண்டாம் முறையும் கவிழ்ந்தது. தப்பு நஸ்ரினுடையது. அவள் வாய்விட்டுச் சிரித்தாள்.

மூன்றாம் முறை குழந்தைவேலு கத்தினார். "மேடம், கைய எடுங்க! இந்தச் சுழிய நான் பாத்துக்கறேன்!"

பரிசல் சுழியிலிருந்து நழுவி அருவிக்கு அடியில் புகுந்தது. நனையாமலிருக்கக் குழந்தைவேலு தலையைத் தாழ்த்திக்கொண்டார்.

"சார், தண்ணி ஸ்கிரீனுக்குள்ளதான் இருக்கு. உங்க மேல விழாது" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். அறையே சிரித்தது. கடைசியாகச் சிரித்து முடித்தவர் குழந்தைவேலு. கண்ணாடியைக் கழற்றி, கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அப்போது திரை உறைந்து நின்றது. எந்த பட்டனுக்கும் அசையவில்லை.

"பாத்தீங்களா! இது குத்தம்தானுங்களே?"

"குத்தம்தான் சார். அவசியம் எழுதுங்க."

"சுத்திச் சுத்தி வர்றது?"

"அது பரிசல் சார்."

குழந்தைவேலு, காலையில் எழுதிக் கொண்டுவந்த தாளை எடுத்து நாலாக மடித்துப் பைக்குள் வைத்தார்.

"மூணு போட்டது தப்புன்னா எத்தனை போடட்டும்? ஏழா, எட்டா?"

நஸ்ரின் கேமை மறுபடி தொடங்கினாள். ஆறு சலசலத்தது.

"சொல்லுங்க மேடம். ஒரு விமர்சகன் மார்க்கை எப்பத்தான் போடணும்?"

"கரைக்குப் போனப்புறம். இப்ப இடது பக்கம் தள்ளுங்க சார், பாறை வருது!"